நாட்டின் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர் எங்கே?
கொல்லிமலையும் கைப்பேசி வரைபடமும்

காரவள்ளியில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாக வருபவர்களுக்குக் கொல்லிமலையின் வாசல் இதுதான். இங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காற்று குளிர்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது, அடியில் காபிச்செடி. தண்ணீர் தங்கும் பள்ளங்களில் நெல்வயல், சரிவுகளில் மரவள்ளி, சாமை, கேழ்வரகு. மலையின் மேல்தளம் கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது.

வளைவுகள் ஏறி வந்தால் சோளக்காடு. பலா, வாழை, அன்னாசி, மிளகு என்று மலையில் விளைவது எல்லாம் சந்தைக்கு வரும் இடம். அடுத்து செம்மேடு. அரசு அலுவலகங்களும் வல்வில் ஓரியின் சிலையும் இங்கேதான். செம்மேட்டைத் தாண்டினால் சாலை கிளை கிளையாகப் பிரிகிறது. தார்ச்சாலை சிமென்ட் பாதையாகிறது, அது மண் பாதையாகிறது, கடைசியில் ஒற்றையடிப் பாதையாகி வரப்பில் போய் முடிகிறது.

சுற்றுலா வருபவர்களுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, மாசிலா அருவி, சீக்குப்பாறை, வாசலூர்பட்டி படகுத்துறை என்று எதைத் தட்டினாலும் கைப்பேசி வழி காட்டும். வந்து போனவர்கள் படம் எடுத்துப் போட்டு, இடத்தைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் மரவள்ளி ஏற்ற வரும் லாரி ஓட்டுநர், மிளகு எடை போட வரும் வியாபாரி, மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வரும் கால்நடை மருத்துவர், பிரசவ வலி என்று அழைத்ததும் கிளம்பும் 108 வண்டி, இவர்கள் யாரும் அருவியைத் தேடி வருவதில்லை. பத்து, இருபது வீடுகள் உள்ள ஓர் ஊரைத் தேடி வருகிறார்கள். அந்த ஊர் கைப்பேசியில் இருக்கிறதா, சரியான இடத்தில் இருக்கிறதா, சரியான பெயரில் இருக்கிறதா என்பதே கேள்வி.

நாடு வேறு, ஊர் வேறு

கொல்லிமலையின் ஊராட்சிப் பெயர்களைப் பார்த்தால் ஒரு தனித்தன்மை தெரியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, குண்டூனி நாடு, சித்தூர் நாடு, ஆலத்தூர் நாடு, திருப்புலி நாடு, எடப்புலி நாடு, பைல் நாடு, பெரக்கரை நாடு என்று 14 நாடுகள். மலைவாழ் மக்களின் பழைய நாட்டுப் பிரிவுகளே இன்றைக்கு ஊராட்சிகளின் பெயர்களாக நிற்கின்றன.

நாடு என்பது ஒரு பரப்பு. அதற்குள் பல குன்றுகள், பல ஓடைகள், சிதறிக் கிடக்கும் பல ஊர்கள். ‘வளப்பூர் நாடு’ என்று ஒரு பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, இதோ வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்குள் எந்த ஊர் என்று சொன்னால்தான் வழி சொல்ல முடியும்.

கணினியில் உள்ள ஊர்ப்பெயர்ப் பட்டியலுக்கு இந்த வேறுபாடு தானாகத் தெரியாது. அந்தப் பட்டியல் ஒரு பெயருக்குப் பெரும்பாலும் ஒரு புள்ளியையே வைத்திருக்கும். நாட்டின் பெயருக்கும் அப்படி ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி நாட்டின் நடுவில் ஏதாவது ஒரு சரிவில் விழுந்திருக்கலாம். தேடி வரும் வண்டி அந்தச் சரிவை நோக்கித்தான் வழி காட்டப்பட்டுப் போகும்.

இது கொல்லிமலைக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் ஏறக்குறைய 12,500. ஆனால் குக்கிராமங்கள் ஏறக்குறைய 79,000. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு குக்கிராமங்கள். ஊராட்சியின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால், மீதி ஊர்களில் இருப்பவர்கள் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித்தான் தங்கள் ஊரை அடையாளம் காட்ட வேண்டும். சமவெளியில் அது அரை கிலோமீட்டர் அலைச்சல். மலையில் ஒரு பள்ளத்தாக்கு.

அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறதே என்று தோன்றலாம். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த அந்த ஆறு இலக்க எண், கடிதம் எந்த அஞ்சல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்காக வந்தது. ஒரே எண்ணுக்குள் பல ஊர்கள் அடங்கும். அஞ்சல்காரருக்கு வீடு தெரியும், அதனால் கடிதம் சேர்ந்துவிடும். முதல்முறை வரும் ஓட்டுநருக்கு அந்த எண் மட்டும் போதாது.

புள்ளி ஏன் தள்ளி நிற்கிறது?

கைப்பேசியிலும் கணினியிலும் பயன்படும் ஊர்ப்பெயர்ப் பட்டியல்கள் பல. அவற்றில் ஒன்று ‘ஜியோநேம்ஸ்’. உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமான இடப்பெயர்கள் அதில் உள்ளன. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் பல செயலிகளும் இணையதளங்களும் அதை எடுத்துக்கொள்கின்றன. இந்தியா போன்ற நாடுகளுக்கான தொடக்கத் தகவலில் பெரும்பகுதி அமெரிக்க அரசு முகமை ஒன்று தொகுத்த பட்டியலில் இருந்து வந்தது. அந்தத் தொகுப்பு பழைய வரைபடங்களைப் பார்த்து எடுக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. பூமியின் மேல் ஓர் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு அளவுகள். ஒரு பாகையில் 60 நிமிடங்கள். ஒரு நிமிட அட்சரேகை என்பது தரையில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். பழைய பட்டியல்களில் பல ஊர்களின் இடம் பாகை, நிமிடம் வரைதான் குறிக்கப்பட்டது. அதற்குக் கீழே உள்ள விநாடி இல்லை. அப்படி முழு நிமிடமாக்கினால் புள்ளி வடக்கிலோ தெற்கிலோ 900 மீட்டர் வரையும், கிழக்கிலோ மேற்கிலோ ஏறக்குறைய அதே அளவும் தள்ளிப்போகும்.

தஞ்சாவூர்ச் சமவெளியில் 900 மீட்டர் என்றால் கண்ணுக்குத் தெரியும் தூரம், கேட்டு வந்துவிடலாம். கொல்லிமலையில் 900 மீட்டர் என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடையைக் கடக்கப் பாலம் இல்லையென்றால் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஐயாறு ஆகாய கங்கையாக விழுந்து, மலையடிவாரத்தில் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை பக்கம் இறங்குகிறது. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் இரண்டும் பக்கம். ஆனால் நடந்து ஏறத்தான் பாதை. வண்டியில் போகிறவர் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும்.

இன்றைய கைப்பேசி திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். அதாவது, ஊருக்குள் நிற்கும் ஒருவரின் சட்டைப்பையில் இருக்கும் கருவி, பழைய பட்டியலைத் தொகுத்தவர்களிடம் இருந்ததைவிடத் துல்லியமானது. அந்தத் துல்லியம் பட்டியலுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சோளமா, சோலையா, சோழரா?

இடம் சரியாக இருந்தாலும் பெயர் கெட்டுப்போகும் வழி இன்னொன்று உண்டு. பழைய நில அளவை வரைபடங்களில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டன. ஆங்கிலத்தில் ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து. பழைய எழுத்துக்கூட்டலில் பல இடங்களில் ழகரத்துக்கும் அதே எழுத்துதான். ந, ன, ண மூன்றும் ஒன்றே. குறிலும் நெடிலும் பல நேரம் ஒன்றே. அந்த ஆங்கிலப் பெயரைக் கணினி மறுபடி தமிழுக்கு மாற்றும்போது என்ன ஆகும்?

சோளக்காடு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கில எழுத்தில் இருந்து திரும்பி வரும்போது அது சோலக்காடு ஆகலாம், சோழக்காடு ஆகலாம், சோலைக்காடு என்றும் ஆகலாம். ஒன்றில் சோளப்பயிர், இன்னொன்றில் சோழ அரசர், மற்றொன்றில் மரங்கள் அடர்ந்த சோலை. பயிரின் பெயர் ஊருக்குள் இருக்கிறது, பட்டியலில் தொலைந்துவிடுகிறது.

‘காடு’ என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. மேற்கு மாவட்டங்களில் காடு என்றால் வனம் மட்டும் இல்லை, மானாவாரி நிலமும் காடுதான். ‘காட்டுக்குப் போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் விவசாயி களை எடுக்கப் போகிறார். வெளியூரில் உட்கார்ந்து பட்டியல் திருத்துகிறவர் பெயரைப் பார்த்து அந்த இடத்தை வனம் என்று வகைப்படுத்தினால், நாற்பது வீடுகள் உள்ள ஊர் பட்டியலில் மரங்களாகிவிடும். கோம்பை, மேடு, வளவு, பட்டி, கரை என்று முடியும் பெயர்களுக்கும் இப்படித்தான். எது வீடுகள் உள்ள ஊர், எது வெறும் நிலப்பகுதி என்பதை ஊர்க்காரர் சொன்னால்தான் தெரியும்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது அடுத்த தொல்லை. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு புதுச்சத்திரம், கடலூர் மாவட்டத்தில் ஒரு புதுச்சத்திரம். ஒரு திருப்பத்தூர் மாவட்டத் தலைநகர், இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில். இந்தக் குழப்பத்துக்கு மக்கள் கண்டுபிடித்த பழைய மருந்துதான் முன்னெழுத்து. கே.பரமத்தி, டி.கல்லுப்பட்டி, எஸ்.புதூர் என்று எழுதும்போது அந்த ஓர் எழுத்து ஊரைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. பட்டியலில் அந்த முன்னெழுத்தை விட்டுவிட்டால் குழப்பம் திரும்ப வந்துவிடும்.

2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் தமிழக அரசின் ஆணை வெளியானது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த நேரத்தில் பழைய எழுத்துக்கூட்டலை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்திருந்த பட்டியல் எதுவாக இருந்தாலும், தேடுபவர் தவித்திருப்பார். ஒரு பெயரை அழிப்பதைவிட இன்னொரு பெயரைச் சேர்ப்பது நல்லது. நல்ல பட்டியல்களில் ஓர் இடத்துக்கு முதன்மைப் பெயர், தமிழ்ப் பெயர், மாற்றுப் பெயர், பழைய பெயர், உள்ளூர் வழக்குப் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. எந்தப் பெயரில் தேடினாலும் அதே புள்ளி வர வேண்டும்.

ஊர்க்காரர் சேர்த்தால் என்ன நடக்கும்?

பொதுமக்களே திருத்தக்கூடிய வரைபடங்களில் பெரியது ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவதுபோல, கணக்குத் தொடங்கிய எவரும் இதில் சாலை, ஊர், கிணறு, பள்ளி என்று சேர்க்கலாம். ஜியோநேம்ஸ் பட்டியலிலும் பதிவு செய்தவர்கள் பெயரையும் புள்ளியையும் திருத்தலாம். கூகுள் வரைபடத்தில் விடுபட்ட இடத்தைச் சேர்க்கவும் தவறைத் திருத்தவும் வசதி உண்டு. நிறுவனம் சரிபார்த்த பிறகு அது வெளியாகும்.

இந்த முறையின் பலன் உலகுக்குத் தெரிந்தது ஒரு பேரிடரில். 2010 ஜனவரி 12-ல் ஹெய்ட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம். தலைநகரம் போர்ட்டோ பிரின்ஸ் இடிந்து கிடந்தது. மீட்புக்குப் போனவர்கள் கையில் தெருப்பெயர்கள் உள்ள நல்ல வரைபடம் இல்லை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் தெருக்களையும் முகாம்களையும் வரைந்து கொடுத்தார்கள். 2015 ஏப்ரல் 25-ல் நேபாள நிலநடுக்கத்தின்போதும் அதுவே நடந்தது. ஆனால் நேபாளத்துக்கு ஒரு கூடுதல் பலம் இருந்தது. காத்மாண்டுவில் இருந்த ‘காத்மாண்டு லிவிங் லேப்ஸ்’ என்ற குழு, நிலநடுக்கத்துக்கு முன்பே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரைபடத்தில் சேர்த்து வந்தது.

இதில் விவசாயிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. கூரையும் சாலையும் வானத்தில் இருந்து தெரியும். பெயர் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவர் கோடு போடலாம். அந்தக் கோட்டின் முடிவில் இருக்கும் ஊரின் பெயர், அந்தப் பாதையில் ஜீப் போகுமா, ஐப்பசி மழையில் ஓடை பெருகினால் வழி அடைபடுமா என்பதெல்லாம் அங்கே வசிப்பவர் சொன்னால்தான் உண்டு. அதையும் பேரிடருக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது?

ஊரில் கைப்பேசி நன்றாகக் கையாளத் தெரிந்த ஓர் இளைஞரும், பெயர்கள் தெரிந்த ஒரு பெரியவரும் சேர்ந்தால் போதும். ஒருவருக்குக் கருவி தெரியும், மற்றவருக்கு ஊர் தெரியும்.

1. முதலில் தாளில் எழுத வேண்டும். ஊராட்சிக்குள் உள்ள எல்லா ஊர்களின் பெயரும், ஊர்க்காரர்கள் சொல்லும்படி, தமிழில். பக்கத்திலேயே ரேஷன் அட்டையில், வாக்காளர் பட்டியலில், பட்டாவில் அந்த ஊர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதும்.

2. புள்ளி எடுக்க ஊரின் நடுவே, வானம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கோயில் முன்புறம், களம், பள்ளி மைதானம் நல்ல இடங்கள். மரத்தடியிலும் பாறைச் சரிவை ஒட்டியும் எடுத்தால் புள்ளி தள்ளிப்போகும். கைப்பேசியின் இருப்பிட வசதியைப் போட்டு ஓரிரு நிமிடம் காத்திருந்து எடுப்பது நல்லது.

3. எண்களைப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். கொல்லிமலையில் அட்சரேகை 11 என்றும் தீர்க்கரேகை 78 என்றும் தொடங்கும். தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 110 மீட்டர் துல்லியம், நான்கு இருந்தால் 11 மீட்டர், ஐந்து இருந்தால் சுமார் ஒரு மீட்டர். ஓர் ஊரைக் குறிக்க நான்கு இலக்கம் தாராளம். இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதிவிடக் கூடாது. மாற்றினால் கொல்லிமலை ஊர், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் ஆர்க்டிக் கடலோரம் போய் நிற்கும்.

4. வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிராமம், குக்கிராமம், நிலப்பகுதி, ஓடை, குன்று எல்லாம் தனித்தனி வகைகள். நாட்டின் பெயரை ஒரு வீட்டுக் கூட்டத்தின் மேல் வைக்கக் கூடாது. அது ஊராட்சியின் பெயர், எல்லைக்கு உரியது.

5. ஊரைச் சேர்த்த பிறகு, அவசரத்துக்கு உதவும் இடங்கள். வண்டிச் சாலை முடியும் இடம், ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருந்தகம், பால் சேகரிப்பு மையம், ரேஷன் கடை, அங்கன்வாடி, பேருந்து நிறுத்தம். இவற்றில் முதலாவது மிக முக்கியம். வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து எவ்வளவு தூரம் தூக்கி வர வேண்டும் என்பது 108-க்கும் கால்நடைகளுக்கான 1962-க்கும் தெரிய வேண்டிய செய்தி.

6. மலையில் சிக்னல் கிடைக்காத இடம் உண்டு. ‘ஆர்கானிக் மேப்ஸ்’ போன்ற செயலிகளில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே இடத்தைக் குறித்து, செம்மேட்டுக்கோ சோளக்காட்டுக்கோ வந்ததும் அனுப்பிவிடலாம். அது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சேரும்.

7. ஒரு வரைபடத்தில் இருப்பதைப் பார்த்து இன்னொன்றில் எழுதக் கூடாது. உரிமைச் சிக்கல் உண்டு. அதைவிட முக்கியம், அங்கே உள்ள தவறும் சேர்ந்து வந்துவிடும். நேரில் போய்ப் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

எதைச் சேர்க்கக் கூடாது?

திறந்த பட்டியலில் போடுவது உலகம் பார்ப்பது. திருத்தம் பரவும் வேகத்தில் தவறும் பரவும். ஒரு பட்டியலில் விழுந்த பிழையைப் பத்துச் செயலிகள் எடுத்துக்கொண்டால், பிறகு பத்து இடத்திலும் திருத்த வேண்டும். ஆகவே தெரியாததை ஊகித்துப் போடுவதைவிட விட்டுவிடுவது மேல்.

தனியார் வீட்டுக்காரர் பெயர், கைப்பேசி எண், யார் நிலம் யாருடையது என்பதெல்லாம் பட்டியலில் சேர்க்க வேண்டியவை இல்லை. கொல்லிமலையில் கோயில் காடுகள் பல உள்ளன. மரம் வெட்டாமல், பக்தியால் காக்கப்படும் இடங்கள். அவற்றையும் அரிய மூலிகை கிடைக்கும் இடங்களையும் குறிக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். புள்ளி வைத்த மறுவாரம் கூட்டம் வந்து பொறுக்கிக்கொண்டு போனால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பெயரிலும் கவனம் வேண்டும். பல ஊர்களுக்கு அந்த ஊர்க்காரர் சொல்லும் பெயர் ஒன்று, மற்றவர்கள் சொல்லும் பெயர் ஒன்று. சாதியைச் சேர்த்துச் சொல்லும் பெயரை அங்கே வசிப்பவர்கள் விரும்புவதில்லை. ‘காலனி’ என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால், அரசு ஆவணங்களில் இருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்தில் நீங்குவது கைப்பேசியில் புதிதாக ஏறிவிடக் கூடாது. ஓர் ஊரின் பெயரைச் சொல்லும் முதல் உரிமை அந்த ஊரில் வசிப்பவர்களுக்கே. பெயர் சேர்ப்பவர் முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பொதுவாக எழும் கேள்விகள்

கேள்வி: வரைபடத்தில் ஊரைச் சேர்த்தால், அதைக் காட்டிப் பட்டாவோ பயிர்க் காப்பீடோ கேட்க முடியுமா?
பதில்: முடியாது. நில உரிமைக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவையே சான்று. கைப்பேசி வரைபடம் வழி காட்டுவதற்கு மட்டும். வரப்புத் தகராறுக்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

கேள்வி: அரசுப் பதிவில் ஊர்ப்பெயர் தவறாக இருக்கிறது. கைப்பேசியில் திருத்தினால் அதுவும் மாறிவிடுமா?
பதில்: மாறாது. அரசுப் பதிவுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாக மனு கொடுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் உள்ளாட்சி அமைப்புகளின் மத்திய அரசுப் பட்டியலிலும் கிராமத்துக்கு ஓர் எண் உண்டு. எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் எண்ணை வைத்துக் கிராமத்தைப் பிடித்துவிடலாம். மனுவில் அந்த எண்ணையும் எழுதினால் குழப்பம் வராது. அரசுப் பதிவு மாறும்வரை, வரைபடத்தில் ஊர் வழக்குப் பெயரையும் அரசுப் பெயரையும் இரண்டு கட்டங்களில் எழுதி வைக்கலாம்.

கேள்வி: வேறு யாராவது நாங்கள் சேர்த்ததை அழித்துவிட்டால்?
பதில்: ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு இருக்கும். பழைய நிலைக்குத் திருப்பலாம். ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். வேலி போட்டுவிட்டோம் என்று தோட்டத்தை எட்டிப் பார்க்காமல் இருக்கிறோமா?

கேள்வி: இணையமே வராத ஊரில் இருந்து அவசரத்துக்கு அழைக்கும்போது எப்படி இடம் சொல்வது?
பதில்: வட்டம், ஊராட்சி, ஊர், சாலை முடியும் இடம், பக்கத்து அடையாளம் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். ‘கொல்லிமலை வட்டம், இந்த நாடு, இந்த ஊர், இந்தப் பள்ளிக்கூடம் வரை வண்டி வரும், அங்கே ஆள் நிற்பார்’ என்றால் போதும். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெரிதாக எழுதி வைத்தால், அழைப்பவர் அதைப் படித்துச் சொல்லலாம். அதற்கு இணையம் தேவையில்லை, சாதாரணக் கைப்பேசியில் பேச முடிந்தால் போதும்.

கிராம சபையில் வாசிக்கலாம்

கொல்லிமலையில் மிளகுக்கும் காபிக்கும் பலாவுக்கும் வெளியூரில் பெயர் இருக்கிறது. அவை விளையும் ஊர்களுக்கும் அந்தப் பெயர் கிடைக்க வேண்டும். வண்டி ஊருக்கே வந்து ஏற்றினால், சந்தைக்குக் கொண்டுபோய் இறக்கும் கூலி மிச்சமாகும். வண்டி வர முதல் தேவை வழி. சாலை போடப் பணமும் அரசும் வேண்டும். ஏற்கெனவே உள்ள வழியின் முடிவில் ஊரின் பெயரை எழுத ஒரு கைப்பேசியும் ஒரு முற்பகலும் போதும்.

இதற்கென்று தனியாகக் கூட்டம் போட வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தாளில் எழுதிய ஊர்ப்பெயர்களை அங்கே ஒருமுறை உரக்க வாசிக்கலாம். விடுபட்டது எது, பிழையாக எழுதியது எது, எந்தப் பெயர் வேண்டாம் என்று சபையே சொல்லிவிடும். அதன் பிறகு வரைபடத்தில் ஏற்றினால், அந்தப் பெயர் ஊரே ஒப்புக்கொண்ட பெயராக இருக்கும்.